தண்ணீருக்கும் ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும்

கடை வைத்திருப்பவர் இரவில் கதவைச் சாத்துவதற்கு முன்னர் பெட்டியில் உள்ள காசை எண்ணிப் பார்க்கின்றார். காலையில் இருந்தது எவ்வளவு, பகலில் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வைக்கின்றார். ஒரு நாள் எழுதாமல் விட்டாலும் மனம் அமைதி அடைவதில்லை. எமது வர்த்தகர்களுக்கு இது பரம்பரைப் பழக்கம். ஆனால் சிலாபத்திலிருந்து புத்தளம் வரையிலான கரையோரத்தில் பெருந்தொகைப் பணம் போட்டு நடத்தப்படும் இறால் வளர்ப்புத் தொழிலில், முதலின் மிக முக்கியமான பங்கு பல இடங்களில் எண்ணப்படாமலேயே செலவாகின்றது. அந்த முதல், தண்ணீரில் கரைந்துள்ள ஒட்சிசன்.

மதுரங்குளிப் பக்கத்தில் நெடுங்காலமாக இறால் குளம் வைத்திருக்கும் ஒருவரிடம் இது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை அறுவடைக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கும்போது அவரது குளத்தில் இறால் அனைத்தும் ஒரே இரவில் கரைக்கு ஒதுங்கின. சுபஹுக்கு எழும்பி வந்து பார்த்தபோது ஓரமெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததாம்.

“அதுக்கு முந்தின நாள் தண்ணியில ஒட்சிசன் எவ்வளவு இருந்தது, நானா?” என்று கேட்டேன்.

“பெடல் வீல் ஓடிட்டுத்தானே இருந்தது தம்பி. அளந்து பார்க்கல்ல. இரண்டு நாளைக்கு முந்தி கால்வாயால தண்ணி எடுத்த. அந்தத் தண்ணி எப்பிடி இருந்ததெண்டு யாருக்குத் தெரியும்?” என்றார்.

அவரது நட்டத்துக்கு உண்மையான காரணம் என்ன என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. நோயாக இருக்கலாம், மூச்சுத் திணறலாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கணக்கு எழுதப்படாத கடையில் காசு குறைந்தால் யாரைக் கேட்பது? அவரது கடைசிக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தொழில் கடந்து வந்த பாதை

இலங்கையில் வர்த்தக ரீதியான இறால் வளர்ப்பு 1970 களின் பிற்பகுதியில் மட்டக்களப்புப் பகுதியில் ஆரம்பமானது. யுத்தச் சூழ்நிலை காரணமாக அங்கு அது நிலைக்கவில்லை. 1980 களில் வடமேல் மாகாணக் கரையோரம் இத்தொழிலின் மையமாக மாறியது. சிலாபம் களப்பு, முந்தல் களப்பு, புத்தளம் களப்பு ஆகியவற்றையும் அவற்றை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயையும் சுற்றிக் குளங்கள் வெட்டப்பட்டன. கண்டல் காடுகளும் உவர் நிலங்களும் பண்ணைகளாயின. ஏற்றுமதி வருமானம் பெருகியது. காணி இருந்தவர்கள் காணியையும், இல்லாதவர்கள் நகையையும் முதலாக்கி இதில் இறங்கினார்கள்.

1996 இல் வெண்புள்ளி நோய் வந்தது. அது ஒரு வைரசு நோய். ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்குத் தண்ணீரோடு சேர்ந்தே பயணம் செய்தது. அதன் பின்னரும் பல தடவைகள் அது திரும்பி வந்துள்ளது. கடன்பட்டுத் தொழில் செய்த சிறிய பண்ணையாளர்கள் பலர் மீண்டு எழவில்லை. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் அந்த வீதியால் போகும் எவரும் காணலாம்.

1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை, அதாவது நாம் வழக்கில் நெக்டா என்று சொல்லும் நிறுவனம், பிற்காலத்தில் வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்தக் காலத்தில் குஞ்சு விடலாம் என்று ஒரு நாட்காட்டியைக் கொண்டு வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கால்வாயில் தண்ணீர் எடுத்து ஒரே நேரத்தில் கழிவைத் திறந்து விடுவதைத் தவிர்க்கவும், நோய் பரவுவதைக் குறைக்கவும் இது உதவியது. தண்ணீர் பொதுச் சொத்து என்பதை ஏற்றுக்கொண்ட முதலாவது பெரிய நடவடிக்கை இதுவென்று கூறலாம். ஆனால் அந்தப் பொதுச் சொத்தின் நிலைமையை நாளாந்தம் அளந்து எல்லோருக்கும் சொல்வது என்ற அடுத்த படி இன்னும் பழக்கமாகவில்லை.

ஒரு குளத்தின் ஐந்தொகை

கரைந்துள்ள ஒட்சிசன் என்றவுடன் இது விஞ்ஞானிகளின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வர்த்தகர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் விளங்கிக்கொள்ளக்கூடிய கணக்கு இது.

ஒரு ஹெக்டயர் பரப்பும் ஒரு மீற்றர் ஆழமும் உள்ள குளத்தில் ஒரு கோடி லீற்றர் தண்ணீர் இருக்கின்றது. மாலையில் ஒரு லீற்றரில் 6 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியாயின் முழுக் குளத்திலும் இருப்பது 60 கிலோகிராம் ஒட்சிசன் மாத்திரமே. கையிருப்பு அவ்வளவுதான். இதிலும் முழுவதையும் செலவழிக்க முடியாது. லீற்றருக்கு 4 அல்லது 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும்போதுதான் இறால் நன்றாகத் தீன் எடுத்து வளரும். 3 இற்குக் கீழே போனால் தீன் எடுப்பது குறைந்து, உடல் சோர்ந்து, நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். 2 இற்குக் கீழே நீண்ட நேரம் நின்றால் சாவு ஆரம்பிக்கும். ஆகவே 60 கிலோவில் 30 கிலோவைத்தான் நாம் ஓரளவு பயமில்லாமல் தொடலாம்.

இனிச் செலவுப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு தொன் இறால் நிற்கும் குளத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ தீன் போடப்படும். அத்தீனைத் தின்ற இறால் சுவாசிப்பதற்கும், மிஞ்சிய தீனும் கழிவும் உக்கிச் சிதைவதற்கும் சேர்த்து, ஒரு கிலோ தீனுக்குச் சுமார் ஒரு கிலோ ஒட்சிசன் தேவைப்படுகின்றது. அதற்கு மேலாகத் தண்ணீரில் உள்ள பாசியும் அடிச்சேற்றில் உள்ள பற்றீரியாக்களும் சுவாசிக்கின்றன.

வரவுப் பக்கத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று காற்று. மற்றையது அதே பாசி. பகலில் சூரிய ஒளியில் பாசி ஒட்சிசனை உற்பத்தி செய்கின்றது. பிற்பகலில் பச்சை நிறமான குளத்தில் அளந்தால் 10 மில்லிகிராமுக்கு மேலும் காட்டும். சூரியன் மறைந்தவுடன் வரவு நின்றுவிடும், செலவு தொடரும். விடியற்காலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில்தான் கையிருப்பு மிகவும் குறைந்திருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மட்டும் அளந்து “எங்கட தண்ணி நல்லம்” என்று சொல்பவர், சம்பள நாளன்று மட்டும் பணப்பையைத் திறந்து பார்ப்பவரைப் போன்றவர்.

எமது நாட்டின் வெப்பமும் இந்தக் கணக்கை நெருக்குகின்றது. தண்ணீர் சூடாகச் சூடாகவும், உப்புக் கூடக் கூடவும் அதில் கரையக்கூடிய ஒட்சிசனின் அளவு குறையும். 30 பாகை செல்சியசில் நன்னீர் லீற்றருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் வரை கொள்ளும். அதே வெப்பநிலையில் கடல்நீர் கொள்வது 6.2 அளவுதான். வரட்சிக் காலத்தில் முந்தல், புத்தளம் களப்புகளின் சில பகுதிகளில் உவர்த்தன்மை கடல்நீரையும் மிஞ்சுவதுண்டு. புத்தளத்தில் உப்பளங்கள் நடப்பதே இந்தக் காலநிலையால்தான். உப்புக்கு நல்லதாக இருக்கும் அதே வெயில் ஒட்சிசனுக்கு நல்லதல்ல.

வெளியே போகும் தண்ணீர் எங்கே போகின்றது?

இதுவரை சொன்னது ஒரு குளத்தின் கணக்கு. பெடல் வீல் போட்டு, தீனைக் குறைத்து, தண்ணீர் மாற்றி அதனைச் சமாளிக்கலாம். பிரச்சினை, மாற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது என்பதில் இருக்கின்றது.

ஒரு தொன் இறால் எடுக்க ஏறத்தாழ ஒன்றரைத் தொன் தீன் போடப்படுகின்றது. அந்தத் தீனில் சுமார் 80 கிலோ நைதரசன் உண்டு. அறுவடை செய்யும் இறாலோடு வெளியே போவது 30 கிலோ அளவு. மீதி 50 கிலோவில் ஒரு பகுதி சேற்றில் தங்கும், ஒரு பகுதி காற்றில் கலக்கும், மற்றையது குளத்துத் தண்ணீரோடு கால்வாய்க்குப் போகும். கால்வாயில் அது பாசிக்கு உரமாகின்றது. பாசி பெருகி, மடிந்து, உக்கும்போது கால்வாயின் ஒட்சிசனைத் தின்னுகின்றது.

ஒல்லாந்தர் கால்வாய் படகுப் போக்குவரத்துக்காக அமைக்கப்பட்டது. கழிவு நீரைக் கடலுக்குக் கழுவிக்கொண்டு போவதற்காக அல்ல. எமது கரையோரத்தில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. சில நாடுகளில் கடல் பல மீற்றர் ஏறி இறங்கி ஒவ்வொரு நாளும் கழிமுகத்தைக் கழுவித் துடைக்கின்றது. இங்கு அப்படி நடப்பதில்லை. முகத்துவாரத்தில் மணல் மேடு விழுந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மேல் பக்கத்துப் பண்ணையாளர் இன்று வெளியேற்றும் தண்ணீரைக் கீழ்ப் பக்கத்துப் பண்ணையாளர் நாளை உள்ளே எடுப்பது இதனால்தான்.

மழைக் காலத்துக்கு வேறு ஓர் ஆபத்து உண்டு. ஆற்று நீர் இறங்கும்போது நன்னீர் இலேசானது என்பதால் உப்பு நீரின் மேல் ஒரு படையாக மிதக்கும். மேல் தண்ணீர் காற்றோடு தொடர்பில் இருக்கும். அடித் தண்ணீருக்குக் காற்றோடு தொடர்பு அறுந்துவிடும். மேலே அளந்தால் 6 காட்டும், அடியில் 2 கூட இல்லாமல் இருக்கலாம். இறாலும் நண்டும் வாழ்வது அடியில்.

சட்டத்தின் பார்வையிலும் ஓர் இடைவெளி இருக்கின்றது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 இல் வெளியிடப்பட்ட வர்த்தமானிப்படி, 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட நீர்வாழ் உயிரினப் பண்ணைத் திட்டங்களே சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள் வருகின்றன. அதற்குக் குறைந்த பண்ணைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியவை. ஆனால் அவற்றை வரிசையாக ஒரே கால்வாயில் வைத்தால் அது ஒரு பெரிய பண்ணைதான். கால்வாய் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதில் பண்ணை இல்லாத ஒரு பங்காளியும் இருக்கின்றார். களப்பில் வலை போட்டு அன்றாடம் உழைக்கும் மீனவர் அவர். குளத்தில் ஒட்சிசன் குறைந்தால் பண்ணையாளர் பெடல் வீலைப் போடுவார். களப்பில் குறைந்தால் மீனவரால் என்ன செய்ய முடியும்? மீன் ஒதுங்கிப் போகும், அவரது வீட்டில் அடுப்பு எரியாது. ஒரே குடும்பத்தில் நானாவுக்குப் பண்ணையும் தம்பிக்கு வலையும் இருக்கும் ஊர்கள் எமக்குண்டு.

எப்படி அளப்பது?

கரைந்துள்ள ஒட்சிசனை அளக்கும் முறை புதியதல்ல. ஹங்கேரி நாட்டு இரசாயனவியலாளர் விங்க்லர் 1888 இல் வெளியிட்ட முறை இன்றும் ஆய்வுகூடங்களில் உண்டு. போத்தலில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, அந்த இடத்திலேயே இரசாயனத்தைச் சேர்த்து ஒட்சிசனைப் பிடித்து வைத்து, பின்னர் ஆய்வுகூடத்தில் அளவிடுவார்கள். பண்ணையில் நாளாந்த வேலைக்கு ஏற்றது கையில் பிடிக்கும் மீற்றர். மென்சவ்வு உள்ள மீற்றரும் ஒளியால் அளக்கும் மீற்றரும் சந்தையில் உள்ளன. விலை கூடினாலும் பின்னையதற்குப் பராமரிப்புக் குறைவு.

எந்த மீற்றராக இருந்தாலும் பின்வரும் விடயங்கள் அவதானிக்கப்பட வேண்டும்.

நேரம்: விடியற்காலை ஒரு தடவை, பிற்பகல் ஒரு தடவை. ஒன்றுதான் முடியுமென்றால் விடியற்காலை.

ஆழம்: அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில். மேல் தண்ணீரையும் அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் படை பிரிந்திருப்பது தெரிய வரும்.

இடம்: குளத்தில், தண்ணீர் உள்ளே வரும் வாயில், வெளியே போகும் வாயில், கால்வாயில். பெடல் வீலுக்குப் பக்கத்தில் அளந்து திருப்திப்படுவதில் பயனில்லை.

திருத்தம்: மீற்றரை உற்பத்தியாளர் சொன்னபடி கிரமமாக அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். உவர்த்தன்மையை மீற்றருக்குச் சொல்லாவிட்டால் அது நன்னீர்க் கணக்கில் கூடுதலாகக் காட்டும். மென்சவ்வு மீற்றரின் முனையைத் தண்ணீரில் மெதுவாக அசைத்துக்கொண்டே வாசிக்க வேண்டும். அசைக்காவிட்டால் குறைவாகக் காட்டும்.

ஒட்சிசனை மட்டும் எழுதினால் போதாது. வெப்பநிலை, உவர்த்தன்மை, பீ.எச். பெறுமானம், தண்ணீரின் தெளிவு, அன்றைய வானிலை ஆகியவற்றையும் ஒரே வரியில் எழுத வேண்டும். தெளிவை அளக்க மீற்றர் தேவையில்லை. கறுப்பு வெள்ளை பூசிய ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைப் பார்க்கலாம். இறால் குளத்தில் 30 முதல் 40 சென்ரிமீற்றர் வரை நல்லது. அதைவிடக் குறைந்தால் பாசி மிதமிஞ்சிவிட்டது என்று பொருள், அந்த இரவில் விழித்திருக்க வேண்டும். பச்சையாக இருந்த தண்ணீர் திடீரெனத் தெளிந்தாலும் மகிழ வேண்டாம். பாசி ஒரேயடியாக மடிந்திருக்கும், அது உக்கும்போது ஒட்சிசனைக் குடிக்கும். மந்தாரமான நாட்களில் தீனைக் குறைக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கும் காரணம், அன்று வரவு குறைவு என்பதே.

வன்னாமியும் மின்சாரமும்

2018 அளவில் வன்னாமி இறாலை வளர்க்க நாட்டில் இடமளிக்கப்பட்டது. முன்னர் வளர்த்த கறுப்பு வரி இறாலைவிட இதனை நெருக்கமாக வளர்க்கலாம். நெருக்கம் கூடினால் தீன் கூடும், ஒட்சிசன் செலவும் கூடும். ஒரு குதிரை வலுப் பெடல் வீல் ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ இறாலைத் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஐந்து தொன் எடுக்க நினைப்பவருக்குப் பத்துக் குதிரை வலுவுக்கு மேல் வேண்டும். மேலதிக அறுவடை முழுவதும் மின்சார இணைப்பில் தொங்குகின்றது.

2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுல்படுத்தப்பட்டது. டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. அப்படியான இரவில் எந்தக் குளத்துக்கு முதலில் ஜெனரேற்றரைப் போடுவது, எதற்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் பொறுக்கலாம் என்பதை ஊகத்தால் தீர்மானிக்க முடியாது. நேற்றும் முன்தினமும் இரவில் எவ்வளவு வேகத்தில் ஒட்சிசன் குறைந்தது என்று எழுதி வைத்தவருக்கே அது தெரியும். அளப்பது டீசலையும் மிச்சப்படுத்துகின்றது. விடிய விடிய ஓடும் பெடல் வீல் பாதுகாப்புக்காக ஓடுகின்றதா, பயத்துக்காக ஓடுகின்றதா என்பதை மீற்றர் சொல்லிவிடும்.

பொதுப் புத்தகம்

அமெரிக்காவின் செசபீக் குடா உலகின் பெரிய கழிமுகங்களில் ஒன்று. கோடை காலத்தில் அதன் அடித் தண்ணீரில் ஒட்சிசன் அற்றுப்போய் நண்டும் சிப்பியும் பாதிக்கப்பட்டன. 1980 களின் நடுப்பகுதியிலிருந்து அங்கு நிரந்தர இடங்களில், ஒரே முறையில், தொடர்ச்சியாக அளந்து வருகின்றார்கள். தொண்டர்களும் இதில் பங்கெடுக்கின்றனர். இந்த நீண்ட பதிவின் பலத்தில்தான் 2010 இல் ஆறு மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் நைதரசன், பொசுபரசு, மண்டி ஆகியவற்றுக்கு உச்ச எல்லை விதிக்க முடிந்தது. குடா இன்னும் முழுமையாகக் குணமடையவில்லை. ஆயினும் யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற பேச்சு இலக்கத்தின் மேல் நடக்கின்றது.

அவ்வளவு பெரிய செலவு எமக்குத் தேவையில்லை. ஒரு கால்வாய்த் துண்டில் பத்துப் பண்ணையாளர்கள் இருந்தால், பத்துப் பேரும் சேர்ந்து ஒரு நல்ல மீற்றர் வாங்கலாம். கால்வாயில் மூன்று இடங்களைக் குறித்து, முறைவைத்து விடியற்காலையில் அளந்து, வட்ஸ்அப் குழுவில் மூன்று இலக்கங்களைப் போடலாம். 3 இற்குக் கீழே என்றால் அன்று எவரும் தண்ணீர் எடுக்க வேண்டாம். அறுவடைக்குக் குளத்தைத் திறப்பவர் இரண்டு நாட்களுக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். மீனவர் சங்கத்திலிருந்தும் ஒருவர் அக்குழுவில் இருக்க வேண்டும். களப்பில் மீன் மிதந்தால் முதலில் காண்பவர் அவரே.

பதிவு சேர்ந்த பின்னர் அதை எடுத்துக்கொண்டு நெக்டாவிடமும், கற்பிட்டியில் பிராந்திய நிலையம் வைத்திருக்கும் நாரா நிறுவனத்திடமும், மாகந்துரையில் உள்ள வயம்பப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரின வளர்ப்புத் துறையிடமும் செல்லலாம். கையில் ஒரு வருடத்து இலக்கங்களோடு போகும் சங்கத்துக்கும், முறைப்பாட்டோடு மட்டும் போகும் சங்கத்துக்கும் கிடைக்கும் வரவேற்பு ஒன்றாக இருக்காது. முகத்துவாரத்து மணலை அகற்றக் கேட்பதாயினும், கால்வாயைத் தூர்வாரக் கேட்பதாயினும் இலக்கம் பேசும்.

சிலர் ஒரு தயக்கத்தை வெளியிடுகின்றனர். “எங்கட வாயிலால போற தண்ணி மோசம் எண்டு எழுதினா, நாளைக்கு எங்களுக்கே அது கேசாக வராதா?” என்பது அது. நியாயமான பயம்தான். ஆகவே தொடக்கத்தில் கால்வாயை மட்டும் பொதுவில் எழுதி, சொந்த வாயிலைச் சொந்தக் கொப்பியில் எழுதலாம். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. எழுதாமல் விடுவதால் அந்தத் தண்ணீர் போகாமல் நிற்பதில்லை. அது அயலவரின் குளத்துக்குப் போகின்றது. அவருடைய தண்ணீர் எமது குளத்துக்கு வருகின்றது.

மதுரங்குளியில் நான் சந்தித்தவர் இப்போது குளத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வேறு தொழில் பார்க்கின்றார். விடைபெறும்போது, குத்தகைக்கு எடுத்த பொடியனுக்குச் சொல்ல ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு கொப்பியும் ஒரு மீற்றரும் வாங்கச் சொல்லுங்கள் என்றேன். “மீற்றர் விலை எவ்வளவு தம்பி?” என்றார். ஒரு குளத்துக்கு ஒரு நாள் போடும் தீனின் பெறுமதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்துப் பேர் பிரித்துக்கொண்டால் இன்னும் குறையும் என்றேன். சற்று நேரம் கணக்குப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பக்கத்துக் குளத்து ஆளிட்டயும் கேட்டுப் பார்க்கிறன்.”

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வேலை ஆரம்பிக்க வேண்டும்.